ஹேக்கரா, நெட் கோளாறா?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில், கண்மாய்க் கரை, பேருந்து நிறுத்தம், பூட்டிக் கிடக்கும் ரேசன் கடைத் திண்ணை என்று நிழல் விழுகிற இடமெல்லாம் சாயங்காலம் நாலு பையன்கள் போனைக் குறுக்குவாக்கில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றால் போதும், இப்படி ஒரு புகார் காதில் விழும். “மாப்ள, அவன் ஹேக்கர்டா. நான் செவத்துக்குப் பின்னாடி வந்துட்டேன்டா, அப்புறம் எப்புடிச் சுட்டான்? ரிப்போர்ட் அடி.”

பையன் பொய் சொல்லவில்லை. அவனுடைய திரையில் அவன் சுவருக்குப் பின்னால்தான் இருந்தான். சுட்டவனுடைய திரையிலோ அவன் இன்னும் சுவருக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தான். யாரும் ஏமாற்றாமலேயே இப்படி நடக்கும். ஏமாற்றினாலும் இப்படித்தான் தெரியும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாமல், பணத்துக்கும் ஆளுக்கும் குறைவில்லாத விளையாட்டு நிறுவனங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திணறிக்கொண்டிருக்கின்றன.

சிக்கல் நடுவரிடமிருந்து தொடங்குகிறது. ஊர்த் திருவிழாக் கபடியில் நடுவர் கோட்டோரம் நின்று, பாடிப் போனவன் தொட்டானா இல்லையா என்று கண்ணால் பார்க்கிறார். இணையத் துப்பாக்கிச் சண்டையில் நடுவர் வேலையைச் செய்வது சர்வர் என்ற கணினி. அதற்கு ஆட்டக்காரன் தெரியமாட்டான். அவன் விரல் தெரியாது, கண் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவன் தெரியமாட்டான். ‘இந்த நேரத்தில், இந்தத் திசையில் திரும்பினேன், சுட்டேன்’ என்று போன் அனுப்பும் சின்னச் சின்னத் தகவல்கள் மட்டும்தான் வந்து சேரும். அந்தத் தகவலை எழுதியது விரலா, இடையில் புகுந்த ஒரு நிரலா என்று அதிலேயே எழுதியிருக்காது.

அந்தத் தகவலும் உடனே வந்து சேருவதில்லை. சர்வர் மும்பையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படியென்றால் போய்த் திரும்ப 12 மில்லிநொடி. எத்தனை கோடி செலவழித்தாலும் இதற்குக் கீழே குறைக்க முடியாது, இயற்பியல் விடாது. நடைமுறையில் கம்பி நேர்கோட்டில் போவதில்லை. போனிலிருந்து கோபுரத்துக்குப் போகும் தகவல் அங்கே வரிசையில் நிற்க வேண்டும், வழியில் பல சந்திப்புகளில் இறங்கி ஏற வேண்டும். இப்படிப் போய்த் திரும்பும் நேரத்தை மில்லிநொடியில் சொல்வதுதான் பிங்; திரையின் மூலையில் அது 50 என்று காட்டினால் நல்ல நேரம். ஊரே போனைக் கையில் எடுக்கிற ராத்திரி எட்டு மணிக்கு அது 200-ஐத் தொடும், அதிலும் நிலையாக நிற்காமல் குதிக்கும். நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறவன் 200 மில்லிநொடியில் ஒரு மீட்டர் போய்விடுவான். சுவருக்குப் பின்னால் மறைய ஒரு மீட்டர் தாராளம்.

இதைச் சமாளிக்க ஒரு வழி கண்டார்கள். வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் விளையாட்டு உருவாக்குவோர் மாநாட்டுக்காக எழுதிய கட்டுரை இதை விளக்குகிறது. சுட்டேன் என்ற தகவல் வந்ததும் சர்வர் காலத்தைக் கொஞ்சம் பின்னோக்கி ஓட்டுகிறது. சுட்டவனுக்கு எவ்வளவு தாமதமோ அவ்வளவு பின்னால் போய், அந்தக் கணத்தில் அவன் திரையில் எதிரி எங்கே தெரிந்திருப்பான் என்று பார்த்து, பட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறது. இது இல்லாவிட்டால் திருச்சுழிப் பையன் யாரையும் சுடவே முடியாது. ஓடுகிறவனுக்கு முன்னால், தன் தாமதத்தை மனக்கணக்காகப் போட்டு, வெறும் காற்றில் குறிவைக்க வேண்டியிருக்கும். நெட் மோசமான ஊர்க்காரனுக்குச் செய்த நியாயம் இது. இதற்கான விலையை எதிரில் இருப்பவன் கொடுக்கிறான், செவத்துக்குப் பின்னாடி வந்த பிறகும் சாகிறான்.

இந்தச் சலுகைக்குள் திருடன் நுழைகிறான். வேண்டுமென்றே இணைப்பை ஒரு கணம் துண்டித்து, எதிரிகள் உறைந்து நிற்கும்போது இடம் மாறி, மறுபடி இணைந்துகொள்வது பழைய தந்திரம். லாக் சுவிட்ச் என்பார்கள். சர்வர் பக்கமிருந்து பார்த்தால் அதுவும், சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் நேர்மையாக விளையாடுகிறவனின் தடுமாற்றமும் ஒரே சாயலில் இருக்கும். தாமதம் கூடியவர்களையெல்லாம் தூக்கி எறி என்று சட்டம் போட்டால், நம் மானாவாரிச் சீமையில் பாதிப் பேர் முதல் நாளே வெளியே.

சுவரை ஊடுருவிப் பார்க்கும் வால்ஹேக் வேறொரு ஓட்டையில் பிறந்தது. எதிரி சுவர் மறைவிலிருந்து வெளியே வரும் கணத்தில் அவன் உருவம் திரையில் தயாராக இருக்க வேண்டும். ‘வந்துவிட்டான்’ என்ற செய்தி அதற்குப் பிறகுதான் மும்பையிலிருந்து கிளம்பும் என்றால், அவன் ஆகாயத்திலிருந்து குதித்தவன் மாதிரி திடீரென்று தோன்றுவான். அதனால் அவன் இருக்குமிடத்தை முன்கூட்டியே போனுக்கு அனுப்பி வைக்கிறார்கள். போனுக்குத் தெரியும், கண்ணுக்குக் காட்டாது. அந்த இடைவெளியில் கைவைத்து, போனுக்குத் தெரிந்ததைக் கண்ணுக்கும் காட்டிவிடுவதுதான் வால்ஹேக். ரயட் நிறுவனம் 2020-இல் வேலரன்ட் விளையாட்டைக் கொண்டுவந்தபோது, கண்ணில் படப்போகும் நிலைக்கு எதிரி வரும்வரை அவன் இருப்பிடத்தைச் சர்வரே மறைத்துவைக்கும் முறையைச் சேர்த்தது. திருடனுக்குத் திருடப் பொருளே இல்லாமல் செய்யும் இந்த யோசனை எனக்குப் பிடித்தது. ஆனால் அதிலும் பிங் கணக்கு ஒட்டிக்கொண்டே வருகிறது. தாமதம் கூடக்கூட இன்னும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

வால்ஹேக் போட்டவனை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது இன்னும் சிரமம். அவன் குறி பிசகில்லாமல் இருக்க வேண்டியதில்லை. எந்த வீட்டுக்குள் ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் அவன் சொந்த விரல்தான். கொஞ்சம் நடிக்கவும் தெரிந்தால், தெரிந்த எதிரியையே நாலு தடவை தெரியாதது போலக் கடந்து போவான். அதே வீட்டை ஐந்து வருடப் பழக்கத்தில், காலடிச் சத்தத்தை வைத்தே ஊகிக்கிற கெட்டிக்காரனும் இருக்கிறான். அவனையும் ஹேக்கர் என்றுதான் திட்டுவார்கள்.

எய்ம்பாட், அதாவது தானாகக் குறிபார்க்கும் நிரல், கொஞ்சம் அளந்து பார்க்கக்கூடியது என்று தோன்றும். மனிதனுக்கு ஒன்றைப் பார்த்து விரலை அசைக்கச் சுமார் கால் நொடி ஆகும். பழகியவர்களுக்கு இன்னும் குறையும். அதைவிட வேகமாகச் சுட்டால் இயந்திரம் என்று கோடு போட்டால் என்ன? ஓட்டப் பந்தயத்தில் அப்படி ஒரு கோடு உண்டு. துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.100 நொடிக்குள் கால் அழுந்தினால், சத்தத்துக்கு முன்பே கிளம்பியதாகக் கணக்கு. 2022 ஜூலையில் அமெரிக்காவின் யூஜீன் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் டெவன் ஆலன் 0.099 நொடியில் கிளம்பியதாகக் கருவி காட்டியது. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்காக வெளியே அனுப்பினார்கள். அவர் ஏமாற்றினார் என்று யாரும் நம்பவில்லை. கோடு அப்படி விழுந்துவிட்டது, அவ்வளவுதான். அங்கே காலடியில் கருவி இருந்தது, கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. இங்கே கருவியே ஆட்டக்காரன் கையிலிருக்கும் போன்.

எய்ம்பாட் எழுதுகிறவர்களும் இந்தக் கோடுகளைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். குறி நேராகப் போகாமல் கொஞ்சம் வளைந்து போகும், வேண்டுமென்றே கால் நொடி தாமதிக்கும், பத்தில் மூன்று குண்டைத் தவறவிடும். மனிதனைப் போலப் பிழை செய்ய இயந்திரத்துக்குக் கற்றுத்தந்துவிட்டார்கள். விளையாட்டு நிரலைத் தொடவே தொடாமல், திரையில் தெரியும் படத்தை மட்டும் பார்த்து ஆள் எங்கே என்று கண்டுகொள்ளும் ஒரு மென்பொருள் 2021-இல் வெளியே தெரியவந்தது. கால் ஆஃப் டூட்டி விளையாட்டை வெளியிடும் ஆக்டிவிஷன் நிறுவனம் கேட்டுக்கொண்டதால் அதைச் செய்தவர் ஜூலையில் கைவிட்டார். யோசனையைக் கைவிட வைக்க யாராலும் முடியாது.

போன் விளையாட்டில் இன்னொரு குழப்பம், இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. தொடுதிரையில் கட்டைவிரலால் குறிபார்ப்பது கடினம் என்பதால் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் போன்ற போன் விளையாட்டுகளில் குறியை எதிரி பக்கம் லேசாக இழுத்துக்கொடுக்கும் உதவியை நிறுவனமே வைத்திருக்கிறது. அமைப்புகளில் போய் இயக்கிக்கொள்ளலாம், அது தப்பில்லை. ஆக, நேர்மையான பையனின் குறியிலும் பாதி இயந்திரக் கை கலந்துதான் இருக்கிறது. மிச்சப் பாதியில் ‘பேனல்’ என்கிற ஏமாற்று நிரல் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் நம் பக்கம் போன் சூடேறினால் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். படம் தாவும், விரலின் அசைவும் தாவித் தாவிப் பதிவாகும். அந்தப் பதிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எங்கோ குளிர்ந்த அறையில் இருக்கிற ஒரு கணினி என்ன முடிவுக்கு வரும்?

எண்களைத் தைரியமாக வெளியே சொன்னவர் வால்வின் ஜான் மெக்டொனால்ட். 2018-இல் அதே விளையாட்டு உருவாக்குவோர் மாநாட்டில் அவர் வாக்நெட் என்ற கற்கும் இயந்திரத்தைப் பற்றிப் பேசினார். கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டத்தில் ஒருவர் சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் அரை நொடி முன்பிருந்து கால் நொடி பின்புவரை குறி எப்படித் திரும்பியது என்று அது படித்துப் பழகியது. சந்தேகம் வந்தால் தானே தண்டிக்காது. அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பதிவைப் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஓவர்வாட்ச் என்ற பஞ்சாயத்து 2013 முதலே இருந்தது, அங்கே அனுப்பும். இயந்திரம் அனுப்பிய வழக்குகளில் 80 முதல் 95 சதவீதம் குற்றம் என்று தீர்ப்பானது. ஆட்டக்காரர்கள் கோபத்தில் ரிப்போர்ட் அடித்து அனுப்பியவற்றிலோ 15 முதல் 30 சதவீதம்தான். மறுபடி படியுங்கள். ‘ஹேக்கர்டா அவன்’ என்று சத்தியம் செய்தவர்களின் பத்துப் புகாரில் குறைந்தது ஏழு நிற்கவில்லை.

சரி, பார்வையாளர்கள் முன்னால், நேரில் உட்கார்ந்து ஆடினால் திருட முடியாதே என்பீர்கள். அந்த நம்பிக்கையை உடைத்தது நம் நாட்டு வழக்குதான். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் ஆசியப் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணி வியட்நாம் அணியோடு கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடிக்கொண்டிருந்தது. ‘ஃபார்சேக்கன்’ என்ற பெயரில் ஆடிய நிகில் குமாவத்தின் கணினியைச் சோதிக்க நடுவர் வந்தார். நிகில் அவசரமாக ஒரு கோப்பை மூடி அழிக்கப் பார்த்தார். அந்தக் காட்சி உலகம் முழுக்க ஓடியது. கோப்பின் பெயர் வேர்டு.எக்ஸி. கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருள் போலப் பெயர் சூட்டப்பட்ட எய்ம்பாட். அணி அந்த நேரமே போட்டியிலிருந்து நீக்கப்பட்டது, பிறகு அணியே கலைக்கப்பட்டது. மின்விளையாட்டு நேர்மை ஆணையம் அவருக்கு 5 ஆண்டுத் தடை விதித்தது.

பெயரைக் கண்டு சிரித்தார்கள். எனக்கு உறுத்துவது அதன் பின்கதை. அதற்குச் சற்று முன்பு இந்தியாவில் ஆடிய பிரீமியர்ஷிப் இறுதியிலும் அவர் அதைப் பயன்படுத்தியிருந்தார் என்று, ஷாங்காய்க்குப் பிறகு கோப்புகளைத் தோண்டிப் பார்த்து, அந்தப் போட்டியை நடத்திய இஎஸ்எல் இந்தியா உறுதி செய்தது. நேரடிப் போட்டி, நடுவர்கள் இருந்தார்கள், ரசிகர்கள் பார்த்தார்கள். அன்றைக்கு ஒருவர் கண்ணிலும் படவில்லை. கூட ஆடிய நால்வர் ஒரு தப்பும் செய்யாமல் அணியை இழந்தார்கள்.

இதைவிடத் தலைகீழான வழக்கு 2024 மார்ச்சில் நடந்தது. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் விளையாட்டின் வட அமெரிக்க இறுதிச் சுற்றில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஜென்பர்ட்டன் என்ற வீரரின் திரையில் எதிரிகளெல்லாம் சுவர் தாண்டித் தெரிய ஆரம்பித்தார்கள். இம்பீரியல்ஹால் என்ற இன்னொருவருக்குக் குறி தானாகப் போய் ஒட்டியது. இருவரும் இதைக் கேட்டு வாங்கவில்லை, வெளியாள் ஒருவர் தொலைவிலிருந்து ஏற்றிவிட்ட வேலை. போட்டி நிறுத்தப்பட்டது. நேரலையில் நடந்ததால் அவர்கள் தப்பித்தார்கள். இதே ராத்திரி திருச்சுழியில் ஒருவனுக்கு நடந்திருந்தால் அவன் சொல்வதை யார் கேட்டிருப்பார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி அருப்புக்கோட்டை நகரில் சுமார் 87,000 பேர். குழந்தை முதல் கிழவர் வரை அத்தனை பேரும் பிஜிஎம்ஐ ஆடுகிறார்கள் என்று வையுங்கள். நூற்றுக்கு ஒருவர் திருடர், ஆக 870 பேர். நூற்றுக்கு 99 தடவை சரியாகச் சொல்லும் கருவி நம்மிடம் இருக்கிறது. அது 861 திருடர்களைப் பிடித்துவிடும், அபாரம். மிச்சமிருக்கும் 86,130 நல்லவர்களில் நூற்றுக்கு ஒருவரைத் தவறாகப் பிடிக்கும், அதுவும் 861 பேர். பிடிபட்டவர்களில் பாதிப் பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள். கருவியை இன்னும் நிதானமாக்கி, பத்தாயிரத்தில் ஒருவர் மட்டும் தவறாக மாட்டும்படி செய்தால் நல்லவர்களில் ஒன்பது பேர்தான் அகப்படுவார்கள். ஆனால் அவ்வளவு நிதானம் காட்டினால் மனிதனைப் போல நடிக்கும் திருடர்கள் கூட்டமாக நழுவிவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஜெயிக்கும் கருவி கிடையாது. கோடிக்கணக்கானவர்கள் ஆடும் விளையாட்டில் அந்த ஒன்பது பேரே ஆயிரக்கணக்காக ஆகிவிடுவார்கள்.

நிஜத்திலும் ஆனார்கள். 2010 ஜூலையில் வால்வின் கண்காணிப்பு நிரல் சுமார் 12,000 மாடர்ன் வார்ஃபேர் 2 ஆட்டக்காரர்களைத் திருடர்கள் என்று தடை செய்தது. தங்கள் மென்பொருளே ஒரு கோப்பை இடையில் புதுப்பித்ததால், நினைவகத்தில் இருந்ததும் வட்டில் இருந்ததும் பொருந்தாமல் போயிருந்தது. நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு ஆளுக்கொரு விளையாட்டை இலவசமாகத் தந்தார். 2023 அக்டோபரில் ஏஎம்டி நிறுவனம் தாமதத்தைக் குறைக்கவென்று வெளியிட்ட வசதியை நம்பிப் பயன்படுத்தியவர்கள் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் தடை வாங்கினார்கள். ஏஎம்டி அதைத் திரும்பப் பெற்றது. 2024-இல் கால் ஆஃப் டூட்டியின் காவல் நிரல் வசமாக மாட்டியது. ஏமாற்று நிரல்களில் வரும் சில சொற்களை அது நினைவகத்தில் தேடுவதைக் கண்டுகொண்ட ஒருவர், அந்தச் சொற்களையே செய்தியாக அனுப்பி, ஒன்றும் அறியாத பலரைத் தடை வாங்க வைத்ததாகச் சொன்னார். நேர்மையான சில கணக்குகள் பாதிக்கப்பட்டதை நிறுவனமும் ஒப்புக்கொண்டது. போலீசைக் கொண்டே அப்பாவியை அடிக்க வைத்த கதை.

சதுரங்கத்தில் இவ்வளவு திண்டாட்டம் இல்லை. 2021 ஜூனில் விஸ்வநாதன் ஆனந்தோடு நடந்த நிதி திரட்டும் இணைய ஆட்டத்தில் தொழிலதிபர் நிகில் காமத் ஜெயித்தபோது, நகர்த்தல்களைக் கணினியோடு ஒப்பிட்ட மாத்திரத்தில் சந்தேகம் கிளம்பியது. கணினி உதவி இருந்ததை மறுநாள் அவரே சொல்லிவிட்டார். சதுரங்கத்தில் ஒவ்வொரு நிலைக்கும் சிறந்த நகர்த்தல் எது என்று இயந்திரத்துக்குத் தெரியும், அதோடு பொருத்திப் பார்க்கலாம். துப்பாக்கிச் சண்டையில் அப்படி விடைத்தாள் எதுவும் இல்லை.

கணினியில் ஆடுகிறவர்கள் பக்கம் காவல் நிரல் இயங்குதளத்தின் ஆழம்வரை இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. சாதாரண ஆண்ட்ராய்டு போனில் ஒரு விளையாட்டுக்கு அவ்வளவு இடம் கிடைக்காது. அதனால் போன் விளையாட்டு நிறுவனங்கள் தண்டனையைக் கூட்டின. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடையாகி, அதன் இடத்தில் 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் இறுதியிலிருந்து, ஏமாற்றியவனின் கணக்கோடு போனையே தடை செய்யப்போவதாக அதை நடத்தும் கிராஃப்டன் நிறுவனம் அறிவித்தது. ஐடி போனால் இன்னொரு ஐடி என்று இருந்தவர்களுக்கு அது சரியான அடி.

ஆனால் போன் ஆள் அல்ல, கை மாறும். நம் பக்கம் ஒரு போனில் அண்ணன், தம்பி, சித்தப்பா மகன் என்று மூன்று பேர் ஆடுவார்கள். மூவரில் ஒருவன் ஆசைப்பட்டு எங்கிருந்தோ ஒரு மோட் ஏபிகே, அதாவது திருத்தப்பட்ட திருட்டுச் செயலி, இறக்கினால் தண்டனை மூவருக்கும். அந்தப் போனைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினால், பழையதை வாங்கிப் போகிற நாலாவது ஆளுக்கும். ஏன் தடை என்று அவனுக்கு யாரும் விளக்குவதில்லை. பிடிபட்ட விதத்தைச் சொன்னால் திருடர்கள் கற்றுக்கொள்வார்கள் என்று நிறுவனங்கள் வாயைத் திறப்பதில்லை. காரணம் நியாயமானதுதான். அதற்காகக் கேட்கிறவனுக்கு ஒரு மனிதன்கூடப் பதில் சொல்லாமல் விடுவது நியாயமில்லை என்பேன். திருச்சுழிப் பையன் தமிழில் எழுதினால் படித்துப் பார்க்க ஓர் ஆளையாவது அந்த நிறுவனங்கள் உட்கார வைக்க வேண்டும்.

அதுவரை, பழைய போன் வாங்குகிறவர்கள் கேமராவையும் பேட்டரியையும் மட்டும் பார்க்காதீர்கள். கடையிலேயே விளையாட்டை ஏற்றி, திறந்து, ஒரு ஆட்டம் உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.